வாசகர் கேள்வி – பதில்: பிரான்சில் பள்ளி விடுமுறையும் பயணமும்

கேள்வி: பிரெஞ்சு முதுகலை முடித்திருக்கிறேன். வரும் அக்டோபர் முதல் ஏழு மாதங்கள், பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் கல்வி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில மொழி உதவியாளராகப் பணியாற்ற அழைப்பு வந்திருக்கிறது. இடையிடையே இரண்டு வார விடுமுறைகள் வருமாம். அந்த நாட்களுக்கு ஊதியம் உண்டா? பக்கத்து நாடுகளுக்குப் போக விசா இடம் தருமா? கையில் வரும் பணம் போதுமா? “வேலைக்குப் போகிறாயா, ஊர் சுற்றப் போகிறாயா?” என்று அப்பா கேட்கிறார்.
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: இரண்டுக்கும்தான் போகிறீர்கள் என்று அப்பாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஒப்பந்தம். பள்ளி மூடியிருக்கும் வாரங்களுக்கும் சேர்த்தே மாத ஊதியம் வரும். மாணவர்களிடம் அவர்களுடைய நாட்டைப் பற்றிப் பேச வேண்டிய ஒருவர் அந்த நாட்டைக் கண்ணால் பார்த்திருப்பது வேலைக்கு உதவும் என்றே நான் நம்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே வேலையில் நானும் இருந்தேன். விடுமுறை முடிந்து திரும்பிய திங்கட்கிழமைகளில்தான் என் வகுப்புகள் உயிரோடு இருந்தன.

முதலில் விடுமுறைக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அக்டோபர் பிற்பாதியில் தொடங்கும் ‘துசான்’ (புனிதர் அனைவர் திருநாள்) விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் நாடு முழுவதற்கும் ஒரே நாட்களில் வரும். குளிர்கால விடுமுறையும் வசந்தகால விடுமுறையும் ஏ, பி, சி என்ற மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வாரங்களில் வரும். கிளெர்மோன்-ஃபெரான், லியோன், போர்தோ ஆகியவை ஏ மண்டலம். பாரிசும் துலூசும் சி மண்டலம். மண்டலங்களின் வரிசை ஆண்டுதோறும் மாறுவதால், பாரிசில் வேலை பார்க்கும் தோழியோடு பிப்ரவரியில் பயணம் போகலாம் என்று திட்டமிடுவதற்கு முன் அந்த ஆண்டின் கல்வி நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். ஆண்டைப் பொறுத்து வசந்தகால விடுமுறை உங்கள் ஒப்பந்த முடிவைத் தாண்டியும் நீளக்கூடும்.

பணத்தைப் பொறுத்தவரை, மாதம் கையில் சுமார் 800 யூரோ கிடைக்கும். சிற்றூரில் வாடகையும் சாப்பாடும் போக, சிக்கனமாக இருந்தால் பயணத்துக்கு மிஞ்சும். ஆனால் முதல் மாத ஊதியம் தாமதமாக வருவது வழக்கம் என்பதால், துசான் விடுமுறைக்கு வெனிசுக்கும் பார்சிலோனாவுக்கும் சீட்டு எடுத்துவிட்டு நவம்பர் வாடகைக்குக் கைபிசைந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் முதல் விடுமுறையை உங்கள் வட்டாரத்துக்குள்ளேயே செலவிடுங்கள் என்பதே என் அழுத்தமான யோசனை.

அந்த வட்டாரம் அதற்குத் தகுதியானது. கிளெர்மோன்-ஃபெரானின் பேராலயம் எரிமலைக் கல்லில் கட்டப்பட்டதால் கன்னங்கரேலென்று நிற்கும். மழை நாளில் அதைப் பார்த்தால் மறக்க முடியாது. நகரத்துக்கு மேற்கே 1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ தோம் எரிமலை இருக்கிறது; உச்சிக்குப் பல்சக்கர ரயில் போகிறது; உச்சியில் ரோமானியர்கள் மெர்க்குரி தெய்வத்துக்குக் கட்டிய கோயிலின் இடிபாடுகளைக் காணலாம். இந்த எரிமலைத் தொடர் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. தெற்கே லெ புய்-ஆன்-வெலே ஊரில், கிரிமியப் போரில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த மாதா சிலை பாறை உச்சியில் நிற்கிறது. ஸ்பெயினின் சந்தியாகோ வரை கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்கள் அந்த ஊரிலிருந்து புறப்படுவதைப் பார்க்கும்போது, நம் பழனிப் பாதயாத்திரை எனக்கு நினைவுக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் வட்டார ரயிலும் பேருந்துமே போதும்.

துசான் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல; நாம் கல்லறைத் திருநாள் கொண்டாடும் அதே நாட்கள்தான். அங்கே கல்லறைகள் முழுவதும் செவ்வந்திப் பூந்தொட்டிகளாக இருக்கும். அதனாலேயே, யாராவது வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் செவ்வந்தியை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

தொலைவுப் பயணங்களைப் பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 27 வயது வரை உள்ளவர்களுக்கு ரயில்வே நிறுவனம் 49 யூரோவுக்கு ஓராண்டுச் சலுகை அட்டை தருகிறது. அதைக் காட்டினால் அதிவேக ரயில்களில் 30 சதவீதம் குறையும். கிளெர்மோனுக்கு அதிவேக ரயில் கிடையாது. பாரிசுக்குச் சாதாரண விரைவு ரயிலில் மூன்றரை மணி நேரம் ஆகும் என்பதையும், மலிவு விமானம் என்று நினைத்துப் பாரிஸ்-போவே விமான நிலையத்துக்குச் சீட்டு எடுத்தால் பாரிஸ் நகரத்திலிருந்து அங்கே போக ஒன்றேகால் மணி நேரப் பேருந்தும் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். நீங்கள் 26 வயதுக்கு உட்பட்டவர் என்றால், ஐரோப்பாவில் நீண்டகாலம் வசிப்பவர் என்ற முறையில் லூவ்ர் உள்ளிட்ட தேசிய அருங்காட்சியகங்களில் இலவச அனுமதி கிடைக்கும். விசாப் பக்கத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

விசாவில்தான் கவனம் வேண்டும். நீண்டகால விசாவோடு போனதும், மூன்று மாதங்களுக்குள் இணையத்தில் கட்டணம் செலுத்தி அதை உறுதிப்படுத்தியாக வேண்டும். அதைச் செய்யாமல் பிறகு ஷெங்கன் பகுதியை (தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிய ஐரோப்பிய நாடுகளை) விட்டு வெளியேறினால் திரும்ப நுழைய முடியாது. உறுதிப்படுத்திய பின் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை சுற்றலாம். எல்லையில் சோதனை இருக்காது என்று எண்ணிக் கடவுச்சீட்டை அறையில் விட்டுப் போகாதீர்கள். இத்தாலியிலிருந்து நீஸ் திரும்பும் ரயிலில் காவலர்கள் கேட்டபோது என்னிடம் கைபேசியில் படம் மட்டுமே இருந்தது. விசாரித்து அனுப்ப மூன்று மணி நேரம் ஆனது, கடைசி இணைப்பு ரயிலும் போய்விட்டது. அன்றிரவு நிலையத்து இருக்கையில் குளிரில் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: அதே வேலைக்காகப் போயிருக்கும் என் மகள் பள்ளி விடுதியில் தங்கியிருக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தனியாக என்ன செய்வாள் என்று கவலையாக இருக்கிறது.
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது அம்மா. விடுமுறையில் சில பள்ளிகள் விடுதியின் உணவகத்தையும் வெப்பமூட்டியையும் நிறுத்திவிடும். வாயிற்கதவுக் குறியீடும் மாறலாம். டிசம்பர் தொடக்கத்திலேயே நிர்வாகியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிசம்பர் 25 அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில்களும் குறைவு. சக ஆசிரியர் யாராவது வீட்டுக்கு அழைத்தால், கூச்சப்பட்டு மறுக்காமல் போய்வரட்டும்; எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது, அந்தக் குடும்பத்தோடு இன்றும் கடிதத் தொடர்பு இருக்கிறது. அழைப்பு இல்லையென்றால் பாரிசுக்குப் போகலாம். வடக்கு ரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. மாணிக்க விநாயகர் ஆலயமும் அருகில்தான். அங்கே தோசை சாப்பிட்டுவிட்டு உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தாள் என்றால் இருவருக்குமே நிம்மதி.

கேள்வி: பிரெஞ்சு விசாவை வைத்துக்கொண்டு லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகலாமா?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: முடியாது. பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனி விசா தேவை. பிரான்சிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கடவுச்சீட்டு அவர்களிடம் இருந்தால் வேறு எங்கும் போக முடியாது. பிப்ரவரியில் போக வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திரும்பியதுமே விண்ணப்பித்துவிடுங்கள்.