உணவுப் பயணம் என்றால் என்ன? மதுரைக்கு வந்தால் எப்படித் தொடங்குவது?

ஓர் ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் அதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவே அங்கே போவதுதான் உணவுப் பயணம். ஒரு வீட்டுக்குப் போய்த் திண்ணையோடு திரும்பாமல் அடுப்படிவரை போய்ப் பேசிவிட்டு வருவது மாதிரி.

சாப்பாட்டில் ஊர் எப்படித் தெரியும்? மண்ணில் விளைந்ததும், வந்து குடியேறியவர்களும், சாமிக்குப் படைப்பதும் எல்லாம் கடைசியில் அடுப்புக்குத்தானே வருகின்றன. பருத்திப்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, ஆட்டி, பிழிந்த பாலோடு அரிசிமாவைக் கரைத்துக் கொதிக்கவைத்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டு இறக்குவார்கள். கெட்டியாக, காரமும் இனிப்புமாகத் தொண்டையில் இறங்கும். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமி இருக்கும்போது இது இங்கே பிறந்ததில் ஆச்சரியம் என்ன?

திருமலை நாயக்கர் மகால் பக்கம் போனால் நாயக்கர் காலத்தில் குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்களின் தெருக்கள். கல்யாண முருங்கை இலை போட்ட அவர்களுடைய போண்டாவைக் கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள். அப்புறம் அழகர்கோயில். அங்கே பிரசாதமே தோசைதான், தோலோடு அரைத்த கறுப்பு உளுந்தும் மிளகும் சீரகமும் சேர்த்து நெய்யில் சுட்டது, நம் வீட்டுத் தோசையைவிட நல்ல தடிமன். செய்பவரிடம் பக்குவம் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மதுரை என்றாலே கறிதோசையும் பரோட்டாவும்தான், சைவக்காரர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள்; பருத்திப்பாலும் அந்த இலை போண்டாவும் அழகர்கோயில் தோசையும் சுத்த சைவம்.