புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்கு 20 ஆண்டுத் திட்டம் போட்டால் எதில் தொடங்குவது?

மரக் கணக்கில்தான். நுழைவாயில் வளைவு, வண்ண விளக்கு எல்லாம் அப்புறம் பார்க்கலாம். 1826-இல் உருவான பூங்கா அது. மரம்தான் அதன் சொத்து. ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு அளந்து, பொந்து, சாய்வு எல்லாவற்றையும் குறித்து, வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், சுமார் இரண்டடிக்குள்தான் இருக்கின்றன. விளக்குக்கு கேபிள் போட ஒன்றரை அடி பள்ளம் தோண்டினாலே போதும், ஒரு பக்கத்து வேர் போச்சு. மரம் உடனே காட்டிக்கொடுக்காது. புயல் வரும்போதுதான் தெரியும். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் போன மறுநாள் புதுச்சேரி, கடலூர்த் தெருக்களில் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிமரம் வரை சிமென்ட் கல் பதிப்பதும் அதே வகைக் கொடுமை.

அடுத்தது ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது. கோடையில் வரைந்த வடிகால் வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

வேலையைப் பகுதி பகுதியாகச் செய்யலாம். மொத்தமாகப் பூட்டினால் காலை நடைக்காரர்கள் எங்கே போவார்கள்? பராமரிப்புப் பணத்தை முதல் நாளே தனியாக ஒதுக்கிவிடுங்கள், தோட்டக்காரர் சம்பளம் உட்பட.