அந்தக் குட்டையில் ஒன்றுமில்லையா?

அன்புள்ள ஐயா,

திண்டிவனம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பசுமைப்படைப் பொறுப்பும் என்னிடம்தான். சுற்றுச்சூழல் விழிப்புணர்வை ஏற்படுத்த, தை மாதம் பிள்ளைகள் 64 பேரை வேடந்தாங்கல் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். கிளம்பும் முன் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? எந்தப் பறவைப் புத்தகம், எந்தச் செயலி நல்லது? ஊரிலேயே ஏதாவது செய்யலாம் என்றால் பள்ளிக்குப் பின்னால் ஒரு குட்டைதான் இருக்கிறது. அதில் ஒன்றுமில்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

செயலி வேண்டாம். ஒரு போனைக் கையில் எடுத்தால் 64 பேரும் போனைத்தான் பார்ப்பார்கள். புத்தகம் எதுவானாலும் சரி, பஸ்ஸிலேயே இருக்கட்டும். வேடந்தாங்கலுக்குத் தாராளமாகப் போங்கள். தையில் கூடுகளில் குஞ்சு இருக்கும் காலம். பிள்ளைகள் கத்தாமல் இருந்தால் போதும். சாயங்காலம் கரைமேல் நின்றால் இரைதேடிப் போனவை நீர்க்கடம்பு மரங்களுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

என்னைக் கிளறிவிட்டது உங்கள் கடைசி வரி. ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? நின்று பார்த்தீர்களா, குனிந்து பார்த்தீர்களா? விழிப்புணர்வு என்ற சொல்லில் விழி இருக்கிறது. நாம் பள்ளிகளில் ஏற்படுத்துகிற விழிப்புணர்வில் அது இல்லை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடம் வந்தது, பேரணி வந்தது, பதாகை வந்தது. அமேசான் காடு அழிவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிற பிள்ளைக்குத் தட்டான் எங்கே பிறக்கிறது என்று தெரியாது. அது உங்கள் பள்ளிக்குப் பின்னால்தான் பிறக்கிறது.

குட்டையில் அள்ளிப் பார்க்க, டீக்கடையில் புழங்கும் கம்பிவலை வடிகட்டி ஆறு வாங்குங்கள். பிளாஸ்டிக் வலை முதல் நாளே கிழிந்துவிடும். ஐந்தடி மூங்கில் கழியில் கட்டுக்கம்பியால் இறுக்கி, கம்பி முனைகளை மடக்கி டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் கை கிழியும். அடுத்தது வெள்ளைத் தட்டு. பழைய பீங்கான் தட்டோ, பெயின்ட் பக்கெட்டின் வெள்ளை மூடியோ போதும். எவர்சில்வர் வேண்டாம், அந்தப் பளபளப்பில் பூச்சி கண்ணுக்கே தெரியாது. தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் குட்டைத் தண்ணீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்.

நடுநீரில் அள்ளினால் ஒன்றும் வராது. அடிச்சேற்றைக் கிளறினால் தட்டு முழுக்கக் கலங்கல். கரையோரக் கோரைத் தண்டுகளை உரசியபடி, எட்டுப் போடுகிற மாதிரி நான்கைந்து தடவை வீசி, வடிகட்டியைத் தட்டில் கவிழ்த்துத் தட்டுங்கள். அப்புறம் இரண்டு நிமிடம் ஒருவரும் தட்டைத் தொடக் கூடாது. டீச்சரும் பேசக் கூடாது. உங்களுக்கு அதுதான் கஷ்டம். முதலில் பாசியும் சருகும்தான் தெரியும். பிறகு சருகில் ஒரு துண்டு எழுந்து நடக்கும்.

அதுதான் தட்டானின் குஞ்சு. சேற்று நிறம், ஆறு கால், பெரிய கண். பின்புறம் வழியே நீரை உள்ளிழுத்து மூச்சுவிடும். பயந்தால் அதே நீரைப் பீய்ச்சிக்கொண்டு முன்னால் பாயும். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு சட்டென்று நீண்டு கொசுப்புழுவைக் கவ்வும். தலைப்பிரட்டையோடு ஒரே தட்டில் விட்டுவிட்டுப் பிறகு அதைக் காணோம் என்று தேடாதீர்கள், தனித் தட்டு வையுங்கள். வால்முனையில் இலைபோல மூன்று செவுள் இருந்தால் அது ஊசித்தட்டான் குஞ்சு. மல்லாக்க நீந்துகிற பூச்சியைக் கையால் தொடவேண்டாம், கொட்டும். நீர்த்தேளின் வால் கொட்டாது, அது மூச்சுவிடும் குழாய்.

குட்டையில் சாக்கடை கலக்கிறது என்பீர்கள். கலக்கட்டும், அப்போதும் 'ஒன்றுமில்லை' கிடையாது. இதற்கு மட்டும் அடிச்சேற்றை ஒரு கரண்டி எடுத்து அலசுங்கள். ரத்தச் சிவப்பில் மெல்லிய புழு நெளியும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கிற அதே வகைப் பொருள். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அது பிழைத்துக் கிடப்பது இதன் தயவில். சிவப்புப் புழு மட்டும் மொய்த்து, தட்டான் குஞ்சுகூடக் கிடைக்கவில்லை என்றால் குட்டை மூச்சுத் திணறுகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பஞ்சாயத்துக்கு மனு எழுதுவதென்றால் அதற்குப் பிறகு எழுதட்டும்.

இனி கோபமாகவே சொல்கிறேன். 64 பேரையும் ஒரே நேரத்தில் தண்ணீரோரம் கொண்டுபோகாதீர்கள். ஒரு தடவைக்கு 15 பேர், கூடவே இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவருக்காவது நீச்சல் தெரிய வேண்டும். குட்டையில் மண் அள்ளியிருக்கிறார்களா என்று முதலில் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். ஜேசிபி தோண்டிய பள்ளம் கரையிலிருந்து இரண்டடியிலேயே ஆளை விழுங்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். அள்ளியிருந்தால் அந்தக் குட்டையே வேண்டாம். யாரும் இறங்கக் கூடாது, ஐந்தடிக் கழி அதற்குத்தான். கை காலில் புண் உள்ள பிள்ளை குறிப்பு எழுதட்டும். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக நுழையும். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தட்டு நிழலில் இருக்கட்டும். இரண்டு விரற்கடைத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் கொதித்துவிடும், உள்ளே இருப்பவை செத்துப்போகும். 20 நிமிடத்தில் எடுத்த இடத்திலேயே திருப்பி விடுங்கள்.

கிளம்பும் முன் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். பெயர் எதுவும் வேண்டாம். எத்தனை கால், எப்படி நகர்ந்தது, எதைத் தின்றது என்று படம் வரைந்து எழுதப் பழக்குங்கள். நாரைக்கும் அது பொருந்தும். ஐப்பசியில் மைதானத்துக்கு மேல் கூட்டமாகச் சுற்றுகிற மஞ்சள் தட்டான் மழைநீரில் முட்டையிட்டால், ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சு கோரைமேல் ஏறி, முதுகு வெடித்துப் பறந்துவிடும். அது கழற்றிவிட்டுப் போன தோல்சட்டை மார்கழியில் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டோடு வெட்டி எடுத்துத் தீப்பெட்டியில் பஞ்சுமேல் வையுங்கள், கை அழுத்தினால் நொறுங்கும். பிளந்த முதுகில் வெள்ளை நூல்போலச் சில இழைகள் தொங்கும். அவை பழைய மூச்சுக்குழாய்களின் உறை.