தாமிரத்தை நொதியே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

அன்புள்ள ஐயா,

சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிக்குத் தாமிரத்தைக் கொண்டுவந்து கொடுக்கவே ஒரு துணைப்புரதம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைத் தபால்காரர் என்றும் சொன்னீர்கள். செல்லுக்குள்தான் தாமிரம் இருக்கிறதே, நொதியே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

கு.

அன்புள்ள கு.,

சோதனைக்குழாயில் எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. தாமிர உப்பைக் கரைத்து ஊற்றினால் போதும். செல்லுக்குள் கதை வேறு. அங்கே தாமிரம் இருக்கிறது, ஆனால் சும்மா கிடப்பதில்லை. ஈஸ்ட் செல்லில் எதனுடனும் ஒட்டாமல் திரியும் தாமிரம் எவ்வளவு என்று 1999-இல் கணக்குப் போட்டார்கள். செல்லுக்கு ஓர் அயனிகூடத் தேறவில்லை!

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. இந்த நொதி, செல்லுக்குக் கேடு செய்யும் ஒருவகை ஆக்சிஜனான சூப்பர் ஆக்சைடை, சாதாரண ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. கட்டவிழ்ந்த தாமிரம் அந்தப் பெராக்சைடைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்பு (radical) உருவாகும். அது சூப்பர் ஆக்சைடைவிடப் பொல்லாதது. அதனால் வந்த தாமிரத்தையெல்லாம் குளுட்டாதயோன், மெட்டலோதயோனின் போன்ற, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் செல் மூலக்கூறுகள் உடனே பிடித்து வைத்துக்கொள்கின்றன.

சரி, துணைப்புரதம் இல்லாவிட்டால்? அதற்கான மரபணுவை நீக்கிய ஈஸ்டில் நொதிப் புரதம் வழக்கம்போல உருவாகிறது, தாமிரம் மட்டும் ஏறுவதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்த ஈஸ்ட் நன்றாகவே வளரும். காற்றுப் பட்டால் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களையும் ஊட்டினால்தான் பிழைக்கும்.

தபால்காரர் என்று நான் எழுதியதுதான் தப்பு. தபால்காரர் வாசலோடு போய்விடுவார். இது உள்ளே வருகிறது. நொதி இரண்டிரண்டாகச் சேர்ந்து இயங்குவது. துணைப்புரதத்தின் நடுப்பகுதியோ அச்சு அசலாக அந்த நொதியின் சாயல். அதனால் இணை சேரக் காத்திருக்கும் நொதி இதோடு சேர்ந்துகொள்கிறது. அந்த அணைப்பில் தாமிரம் கைமாறுகிறது. அப்புறம், ஆக்சிஜன் இருந்தால், நொதிக்குள் இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையே ஒரு பிணைப்பையும் போட்டுவிட்டுத்தான் விலகும். அந்த முடிச்சு இல்லாமல் நொதி உறுதிப்படாது.

உங்கள் கேள்விக்கு 'எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் உயிரும் உண்டு. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவிடம் இந்தத் துணைப்புரதமே கிடையாது. அங்கே குளுட்டாதயோன் உதவியோடு நொதிக்குத் தாமிரம் கிடைத்துவிடுகிறது.