கடவுளுக்கே எல்லாம் தெரியும்போது, நம் தகவலைச் சேகரிப்பவர்களுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே அறிவு இல்லை என்பதுதான் என் பதில்.

புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் அம்மா சர்க்கரை மாத்திரை வாங்கினார். பில்லுக்கு போன் நம்பர் கேட்டார்கள், கொடுத்தார். அடுத்த வாரமே "சுகர் இருக்காம்மா?" என்று யார் யாரோ கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா கூசிப்போனார். அதே அம்மா, இருதய ஆண்டவர் பசிலிக்காவில் முழந்தாளிட்டு, எங்களிடம்கூடச் சொல்லாத வலியையெல்லாம் ஆண்டவரிடம் கொட்டிவிட்டுத்தான் எழுந்து வருவார்.

விவிலியத்தின் 139ஆம் திருப்பாடல், நாம் உட்காருவதையும் எழுவதையும் ஆண்டவர் அறிவார் என்கிறது. ஆனால் அவர் நம்மை உருவாக்கியவர். தாயின் வயிற்றிலேயே அறிந்தவர். தலைமுடி எண்ணப்பட்டிருக்கிறது என்று இயேசு சொன்னதும், மத்தேயு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், "அஞ்சாதீர்கள்" என்பதற்காகத்தான். அந்த அறிவு நம்மை யாருக்கும் விற்பதில்லை. நிறுவனம் சேர்ப்பதோ நாம் எதை வாங்குவோம் என்ற கணக்கை மட்டும்.

எனவே தகவலைக் காப்பது விசுவாசக் குறைவு ஆகாது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கேட்கவும் உரிமையை வகுத்துள்ளது. பில்லுக்கு நம்பர் கேட்டால் "வேண்டாம் தம்பி, காசு மட்டும் வாங்கிக்கோ" என்கிறார் அம்மா இப்போது.