சோர்பேயும் ஷெர்பெட்டும் ஒன்றா?

கேள்வி: என் மகளுக்குப் பால் ஒவ்வாமை. ஐஸ்கிரீம் கிடையாது என்றாலே முகம் வாடிவிடுகிறது. கடையில் சோர்பே, ஷெர்பெட் என்று இரண்டு பழ ஐஸ்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா? எதை வாங்கலாம்?

பதில்: ஷெர்பெட் வேண்டாம், அதில் பால் உண்டு. சோர்பே வாங்கலாம், ஆனால் லேபிளைப் படித்த பிறகு.

உங்கள் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டுமே 'குடி' என்று பொருள்படும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தவை. துருக்கி வழியாகப் போய் இத்தாலியில் சோர்பெத்தோ, பிரெஞ்சில் சோர்பே, ஆங்கிலத்தில் ஷெர்பெட் என்று ஆயின. நம் சர்பத்தும் அதே குடும்பம்தான். அது மட்டும் உறையாமல் தம்ளரிலேயே தங்கிவிட்டது. பிரிட்டனில் ஷெர்பெட் என்று கேட்டால், நாக்கில் சுர்ரென்று நுரைக்கும் புளிப்பு மிட்டாய்ப் பொடியைத்தான் தருவார்கள்!

சோர்பே என்பது பழக்கூழ், சர்க்கரை, தண்ணீர். அவ்வளவுதான். ஷெர்பெட்டில் இவற்றோடு கொஞ்சம் பாலோ க்ரீமோ சேரும். அமெரிக்க விதிப்படி அதில் பால் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம் இருக்க வேண்டும். ஐஸ்கிரீமுக்குக் குறைந்தது 10. 'இவ்வளவு குறைவா, பரவாயில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது கொழுப்பு அல்ல, பால் புரதம்.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. இரண்டு சொல்லையும் மாற்றிப் புழங்குகிறவர்கள் நிறையப் பேர். பால் பவுடர், பாலிலிருந்து எடுக்கும் வே (whey), கேசின் (casein) என்று லேபிளில் எது இருந்தாலும் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். சில சோர்பேக்களில் முட்டை வெள்ளைக்கருவும் இருக்கும். கரண்டியால் அள்ளித் தரும் கடை என்றால் எனக்கு இன்னும் தயக்கம்: வெனிலாவை அள்ளிய கரண்டியை அதே தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு அடுத்த தொட்டியில் விடுவார்கள்.

அதனால் வீட்டிலேயே செய்வது நல்லது. மாம்பழக் கூழில் ஆறிய சர்க்கரைப் பாகையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து ருசி பாருங்கள். லேசாகத் திகட்ட வேண்டும், ஏனென்றால் குளிரில் இனிப்பு மங்கிவிடும். சர்க்கரையைக் குறைத்தால் கல்லாக இறுகும். அகலமான தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறுங்கள். முதலில் ஓரங்கள்தான் உறையும், அவற்றைச் சுரண்டி நடுவில் சேர்த்துவிடுங்கள். நாலைந்து தடவை கிளறினால் போதும், பனிச்சில் பல்லில் படாது.