பரிமாறுகிற பக்கத்திலிருந்து: வாசகர் கேள்வி – பதில்

(மதுரை மெஸ் ஒன்றில் சப்ளையராகத் தொடங்கி, கோலாலம்பூர், டோக்கியோ, டல்லாஸ் என்று ஊர் ஊராக ஓட்டல் வேலை பார்த்தவர், பல நாட்டுச் சாப்பாட்டு மேசைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டல்லாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஓட்டலில் 60 டாலர் பில்லுக்கு 12 டாலர் டிப்ஸ் வைத்தான். நம் பணத்துக்கு ஆயிரம் ரூபாய்! "இவ்வளவு எதுக்குடா?" என்றால், "அம்மா, சும்மா இருங்க" என்கிறான். வைக்காமல் வந்தால் என்ன ஆகும்?
– வாசகி, திருச்சி

உங்கள் மகன் செய்ததுதான் சரி, அம்மா. அந்தப் பணத்தை இனாம் என்று நினைப்பதால்தான் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. அது பரிமாறியவரின் சம்பளம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். 1991-இல் வைத்த தொகை, இன்றுவரை ஒரு காசு ஏறவில்லை. டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்திலும் அதே தொகைதான். மற்ற தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். டிப்ஸையும் சேர்த்து அந்த 7.25 வரவில்லை என்றால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்கத் துணிகிற சப்ளையரை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டவருக்கு வெள்ளி, சனி ராத்திரி ஷிஃப்ட் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மேசை துடைக்கும் பையனுக்கும் பாரில் நிற்பவருக்கும் சப்ளையர் தன் டிப்ஸிலிருந்து பங்கு கொடுக்க வேண்டும். சில கடைகளில் அந்தப் பங்கை விற்பனைக் கணக்கை வைத்துப் போடுவார்கள். நீங்கள் ஒன்றும் வைக்காமல் எழுந்து போனாலும் உங்கள் 60 டாலருக்கு உண்டான பங்கை அவர் கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றரை மணி நேரம் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கைக்காசையும் இழந்து வீட்டுக்குப் போவார்.

அடுத்த முறை பில்லை நீங்களே வாங்கிப் பாருங்கள். கார்டைத் தேய்த்துவிட்டு ஒரு சின்ன ஃபோல்டரில் இரண்டு சீட்டு வைத்துக் கொடுப்பார்கள், ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. சாப்பாட்டுத் தொகை தனியாக, வரி தனியாக இருக்கும். டல்லாஸில் வரி 8.25 சதவீதம். அதற்குக் கீழே 'டிப்' என்று ஒரு கோடு, 'டோட்டல்' என்று ஒரு கோடு, பிறகு கையெழுத்து. வரி சேராத தொகைக்கு 18 முதல் 20 சதவீதம் போட்டால் நியாயம். ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் அவர்களே 18 சதவீதம் சேர்த்துவிடுவார்கள், அதனால் சீட்டைப் படிக்காமல் இன்னொரு தடவை எழுதிவிட வேண்டாம். கவுன்ட்டரில் காப்பி வாங்கும்போது திரையில் டிப்ஸ் கேட்கிறதே, அது உங்கள் இஷ்டம். அங்கே பெரும்பாலும் இந்த 2.13 கதை இல்லை.

வாடிக்கையாளர் கையை எதிர்பார்த்துச் சம்பளம் நடக்கும் இந்த ஏற்பாட்டை நான் வெறுக்கிறேன். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் டிப்ஸைக் கணக்கில் சேர்க்காமல் முழுக்கூலியும் கொடுத்தாக வேண்டும். எல்லா மாநிலத்திலும் அப்படி ஆகட்டும். ஆகும்வரை, ஏற்பாடு பிடிக்கவில்லை என்பதற்காகப் பரிமாறுகிறவரின் கூலியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் காலி மேசை என்று உட்காரப் போனால் அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். எடுத்துப் போட்டுவிட்டு உட்காரலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

கூடாது. அது வேறொருவர் பிடித்து வைத்த இடம். 'சோப்' என்பார்கள். டிஷ்யூவோ குடையோ வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் டிரேயையும் நீங்களே கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து 'ஹாக்கர் சென்டர்' என்கிற பொது உணவங்காடிகளில் இது கட்டாயம், எடுத்து வைக்காவிட்டால் முதல் தடவை எச்சரிக்கை, மறுபடியும் அப்படியே போனால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அங்கே மேசை துடைப்பவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். அபராதம் இல்லை என்றாலும் எடுத்து வையுங்கள்.

ஏசி ரெஸ்டாரன்ட் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் வரும். 20 வெள்ளி சாப்பாடு 23.98-இல் வந்து நிற்கும். தனியாக டிப்ஸ் வேண்டாம்.

கேள்வி: கம்பெனி வேலையாக ஒரு மாதம் ஜப்பான் போகிறேன். சுத்த சைவம். "முட்டை, மீன், கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார் நண்பர். நம்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

சொன்னால் மட்டும் போதாது, தம்பி. மீன் துண்டு தட்டில் இருக்காது, ஆனால் சாற்றில் இருக்கும். ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமே 'தாஷி' என்ற சாறு. 'கொம்பு' என்கிற கடல்பாசியையும் 'கட்சுவோபுஷி'யையும் ஊறவைத்தும் காய்ச்சியும் அதை எடுக்கிறார்கள். இந்தக் கட்சுவோபுஷி என்ன தெரியுமா? சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகக் காய வைத்தது. நம் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் மாசி என்று இடித்துச் சம்பலில் போடுகிறார்களே, ஏறக்குறைய அதே சரக்கு. டோக்கியோவில் முதல்முறை அந்தக் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு மாசி வாசம்தான் வந்தது. ஜப்பானியர்கள் அதை இழைப்புளி மாதிரி ஒரு பெட்டியில் தேய்த்து மெல்லிய சுருளாகச் சீவுவார்கள். சூடான சோற்றின் மேல் போட்டால் அந்தச் சுருள் ஆவியில் நெளியும்.

ஆகவே மிசோ சூப், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, பொரித்த டோஃபுவுக்கு ஊற்றும் குழம்பு, காய்கறி வேகவைத்த தண்ணீர் எல்லாவற்றிலும் தாஷி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிற பெண் "மீன் இல்லை" என்று சொன்னால் பொய் சொல்லவில்லை. சாற்றை அவர் மீன் என்று எண்ணுவதில்லை. கேட்கிற கேள்வியை மாற்றுங்கள்: "கட்சுவோ தாஷி போட்டிருக்கிறீர்களா?" இதை ஜப்பானிய மொழியில் ஓர் அட்டையில் அலுவலக நண்பர் ஒருவரிடம் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் அதைச் சமையலறைக்கே எடுத்துப்போய்க் காட்டிக் கேட்டு வருவார். எனக்கு இப்படி அட்டை நீட்டியவர்கள்மேல் ஒருநாளும் எரிச்சல் வந்ததில்லை. தட்டு திரும்பி வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு வார இறுதி கிடைத்தால் கோயாசான் மலைக்குப் போய்விடுங்கள். அங்கே கோயில்களிலேயே தங்கலாம். 'ஷோஜின் ர்யோரி' என்ற பௌத்தத் துறவிகளின் சாப்பாடு போடுவார்கள். மீனும் இல்லை, பூண்டு வெங்காயமும் இல்லை. எள்ளை அரைத்துக் கட்டிய டோஃபு ஒன்று வைப்பார்கள், நாக்கில் வைத்தால் கரையும். டோக்கியோவில் இந்தியச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. ஷின்ஜுகு பகுதியில் நகமுராயா என்ற கடையில் 1927 முதல் இந்தியக் கறி கிடைக்கிறது. அங்கே அடைக்கலம் புகுந்து அந்த வீட்டு மருமகனான விடுதலைப் போராட்ட வீரர் ராஷ் பிகாரி போஸ் கொடுத்த பக்குவம் அது. கோழிக்கறிக்குப் பேர்போன கடை என்பதால், உங்களுக்கு அது பார்த்துவிட்டு வருகிற இடம்.

டிப்ஸ் வைக்காதீர்கள். மேசையில் காசை விட்டுப்போனால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள். ஆனால் 'இசகாயா' என்கிற குடிக்கடையில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரும். அதற்குப் பில்லில் சில நூறு யென் ஏறியிருக்கும். அது உட்கார்ந்த இடத்துக்கான காசு, சண்டை போட வேண்டாம். சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

கேள்வி: வெனிஸில் நின்றபடி குடித்த காப்பிக்கு ஒரு விலை, உட்கார்ந்து குடித்த அதே காப்பிக்குப் பல மடங்கு. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், சேலம்

இல்லை. இத்தாலியில் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசைக்கு வந்து கொடுத்தால் வேறு விலை. இரண்டும் விலைப்பட்டியலில் இருக்கும். சாப்பாட்டுக் கடையில் 'கோபெர்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ போடுவதும் அதே மாதிரிதான், மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அது கொடுத்த பிறகு டிப்ஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: கோலாலம்பூரில் வாழையிலைச் சாப்பாடு. எங்களோடு வந்த சீன நண்பர் கையால் பிசைந்து சாப்பிட்டார், நான்தான் கூச்சப்பட்டு ஸ்பூன் கேட்டேன். இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும்?
– வாசகி, சென்னை

உங்கள் பக்கமாக. நல்ல சாப்பாடு, மறுபடி வருவேன் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம். மலேசியாவிலும் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

கூச்சம் எதற்கு, அம்மா? பிரிக்ஃபீல்ட்ஸில் நான் இலை போட்ட காலத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூன்று பேரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் கை நனைப்பார்கள். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போவேன். கையால் சாப்பிடுகிறவர் இலையைப் பார்த்தே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். சோற்றில் நடுவே பள்ளம் பறித்து வைத்திருந்தால் குழம்பு வேண்டும். விரல் ரசத்தை வழித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றலாம். பொரித்த பாகற்காயை ஓரமாக ஒதுக்கியிருந்தால் அடுத்த சுற்றில் அதை வைக்கக் கூடாது. ஸ்பூனால் சாப்பிடுகிறவரிடம் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் போட வேண்டும்.

கேள்வி: என் கணவர் எத்தியோப்பியாவில் கல்லூரி ஆசிரியர். நானும் அங்கே போகப்போகிறேன். விருந்தில் பக்கத்தில் இருப்பவர் தன் கையாலேயே நம் வாயில் ஊட்டிவிடுவார் என்கிறார். மறுத்துவிடலாமா? அங்கே சைவம் கிடைக்குமா?
– வாசகி, திருநெல்வேலி

மறுக்காதீர்கள். 'குர்ஷா' என்று பெயர். உங்கள்மேல் மதிப்பும் பிரியமும் உள்ளவர்தான் ஊட்டுவார், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, நீங்களும் திருப்பி ஒரு வாய் ஊட்ட வேண்டும். எல்லோரும் ஒரே பெரிய தட்டில்தான் சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒருவர் கூஜாவோடு வந்து கைக்குத் தண்ணீர் ஊற்றுவார். வலது கை மட்டும், உங்களுக்கு நேரே உள்ள பகுதியிலிருந்து மட்டும்.

தட்டு முழுக்க விரித்திருப்பது 'இஞ்சேரா'. டெஃப் என்ற மிகச்சிறு தானியத்தின் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகலமான கல்லில் ஊற்றி மூடி, ஒரே பக்கம் வேகவைப்பார்கள். மேலெல்லாம் கண் கண்ணாக, புளித்த மாவில் வார்த்த தோசை மாதிரி இருக்கும், ஆனால் துணிபோலத் துவளும். அதைப் பிய்த்து, அதன் மேலேயே ஊற்றியிருக்கும் குழம்பை அள்ளிச் சாப்பிட வேண்டும். குழம்பு ஊறிய அடி இஞ்சேராதான் கடைசியில் ருசி, அதை விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

சைவத்துக்கு எத்தியோப்பியா மாதிரி வசதியான நாடு ஆப்பிரிக்காவில் வேறு இல்லை என்பேன். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் விரதம். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் விரதம். கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. அந்த நாட்களில் எந்தச் சின்னக் கடையிலும் 'பெயாய்நெட்டு' கேட்டால் இஞ்சேரா மேல் மைசூர்ப் பருப்புக் குழம்பு, கடலை மாவில் செய்யும் 'ஷிரோ', கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து வரும். மற்ற நாட்களில் பருப்பில்கூட மசாலா வெண்ணெய் போடலாம். வெண்ணெய் உங்களுக்குத் தடையில்லை என்றால் அன்றும் கவலை இல்லை. வீட்டில் காப்பிக்கு அழைத்தால் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். கொட்டையை உங்கள் முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றிலேயே கிளம்பினால் வருத்தப்படுவார்கள்.

கேள்வி: ஹாங்காங்கில் டீ ஊற்றும்போது எல்லோரும் மேசையை இரண்டு விரலால் தட்டுகிறார்களே?
– வாசகர், ஓசூர்

நன்றி என்று அர்த்தம். பேச்சை நிறுத்தாமலே சொல்லிவிடலாம். கெட்டிலில் டீ தீர்ந்தால் மூடியைப் பாதி திறந்து வையுங்கள், வந்து வெந்நீர் ஊற்றுவார்கள்.

கேள்வி: பாரிஸில் மீந்ததைப் பார்சல் கேட்க வெட்கமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலுக்கே நிறையக் காசு கொடுத்தோம்.
– வாசகி, புதுச்சேரி

தாராளமாகக் கேட்கலாம். 2021 ஜூலை முதல், வாடிக்கையாளர் கேட்டால் மீந்ததை எடுத்துப்போக டப்பா தரவேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டமே இருக்கிறது. தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், காசு கிடையாது. வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில்தான் வரும். விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம்.

பாரிஸ் ஓட்டல் சமையலறைகளில் நம் ஈழத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பாத்திரம் கழுவ ஆரம்பித்துச் சமையல்காரராக உயர்ந்திருக்கிறார்கள். தட்டு காலியாகத் திரும்பிப் போனால் உள்ளே நிற்கிறவருக்கு அது சந்தோஷம். மீந்ததை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகிறீர்கள் என்றால் அதுவும் சந்தோஷம்தான்.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் வேலை. கொரிய மேனேஜர் எங்களைக் கொரிய ஓட்டலுக்கு அழைத்திருக்கிறார். நான் குடிப்பதில்லை. எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகர், காஞ்சிபுரம்

மேசையில் வயதில் மூத்தவர் ஸ்பூனை எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள். சோற்றுக்கு ஸ்பூன், தொட்டுக்கொள்வதற்குக் குச்சி. கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது ஜப்பான் பழக்கம், கொரியாவில் கிண்ணம் மேசையிலேயே இருக்கட்டும். சுற்றிலும் வரும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் 'பான்சான்', அதற்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் கேளுங்கள், நிரப்பித் தருவார்கள். கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாயில் பெரும்பாலும் மீனோ இறாலோ சேர்ந்திருக்கும், சைவர்கள் கேட்டுவிட்டுத் தொடவும்.

குடிக்காதது குற்றமில்லை. முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டு, கிளாஸில் ஜூஸ் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதும் அவருக்கு ஊற்றும்போதும் இரண்டு கையும் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கிளாஸ் காலியாக இருந்தால் நீங்கள் ஊற்றுங்கள், உங்கள் கிளாஸை நீங்களே நிரப்ப வேண்டாம். பில்லை அவரே கொடுக்கட்டும், பங்கு போடப் பர்ஸை எடுக்காதீர்கள். வெளியே வந்ததும் "காப்பி நான் வாங்கித் தருகிறேன், சார்" என்று கூப்பிடுங்கள், அதுதான் அங்கே இளையவர் செய்கிற முறை.